கறவைக் கொட்டகையில் பி.வி.சி. குழாயை எப்படி ஒழிப்பது?

கொட்டகைக்காரன் (புக்கிட் மெர்தாஜாம், மலேசியா):
வணக்கம். 18 கறவை, எல்லாம் ஜெர்சி கலப்பு. வேலைக்கு மூணு பேர்: ரெண்டு பேர் வங்காளதேசம், ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கம். தைப்பூசத்துக்குப் பால் சொல்லிவைக்க வர்றவங்க கொட்டகைக்குள்ளேயே வந்து பார்க்கிறாங்க. ஆட்கள் மாட்டை நகர்த்த வாலை முறுக்குறதையும் பி.வி.சி. குழாயால தட்டுறதையும் பார்த்துட்டு, "ஊசி போட்டுத்தானே கறக்கிறீங்க?"ன்னு கேள்வி. பாலை இறக்குற ஆக்சிடோசின் ஊசி போடுறதே இல்லை. ஆட்களுக்கு எதைச் சொல்லிக்கொடுக்கணும்? வாங்க வர்றவங்களுக்கு எதைக் காட்டணும்?

செவலை:
அண்ணே, மாடு எந்த இடத்துல நின்னுடுதுன்னு முதல்ல பாருங்க. சாக்கடைக் கம்பிமூடி, தேங்கின தண்ணி மினுக்கம், வெயிலும் நிழலும் வெட்டுற கோடு, இதெல்லாம் மாட்டுக்குப் பள்ளம் மாதிரி. குனிஞ்சு மோந்து பார்க்க அதுக்குக் கொஞ்ச நேரம் வேணும். அந்த நேரத்துலதான் குழாய் விழுது. கம்பிமூடி மேல ரப்பர் விரிப்பு போடுங்க.

அப்புறம் ஆள் நிக்கிற இடம். தோள்பட்டைதான் கணக்கு: அதுக்குப் பின்னால இருந்து நெருங்கினா மாடு முன்னே போகும், முன்னால நின்னா பின்வாங்கும். வாலுக்கு நேர் பின்னால நிக்கவே கூடாது. அங்க அதுக்குக் கண் தெரியாது, உதைக்கும். இதுக்கு மொழி வேண்டாம். ஒரு மாட்டை நடத்திக் காட்டிட்டு அவங்களையும் நடத்த விடுங்க.

மடிக்காம்பு:
அடிபட்ட மாடு பாலை அடக்கும். மிரண்டா அட்ரினலின் ஏறி, பாலை இறக்குற ஆக்சிடோசினை வேலை செய்ய விடாது. மடியில தங்கின பால் மடிநோய்க்கு வழி. ஊசியைத் தேட வைக்கிறதே அந்தக் குழாய்தான்.

காம்புக்கு 3, 4 பீச்சு கறுப்புக் கிண்ணத்துல விட்டுப் பார்க்கணும். திரிதிரியா வந்தா அந்த மாட்டுப் பால் தனி. காம்பை முக்குற கிருமிநாசினி மருந்து 30 வினாடி இருக்கட்டும், அப்புறம் மாட்டுக்கு ஒரு துணின்னு துடைக்கணும். கை பட்டதுல இருந்து 60–90 வினாடியில மெஷின் ஏறணும். தப்பு நடக்கிறது இங்கதான்: வேலையை முடிக்கிற அவசரத்துல எல்லா மாட்டையும் ஒரே மூச்சா கழுவிட்டு முதல் மாட்டுக்குத் திரும்புவாங்க. அதுக்குள்ள சுரப்பு அடங்கிடும். மெஷின் வெறுங்காம்பை இழுக்கும், மாடு உதைக்கும், மறுபடி குழாய். மூணு மூணு மாடா பிரிச்சுக்குங்க. கறந்ததும் மறுபடி காம்பை முக்கி, தீனி போட்டு அரைமணி நிக்க வைங்க. காம்புத் துளை மூடட்டும்.

கோம்பாக் பால்:
2015 விலங்கு நலச் சட்டத்துல கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், 3 வருஷம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம். இதை ஆட்களுக்கு ஒரு தடவை சொன்னா போதும்.

'எங்கள் மாடுகள் மகிழ்ச்சியானவை'ன்னு பலகை வைக்காதீங்க, யாரும் நம்ப மாட்டாங்க. வெள்ளைப்பலகையில மாட்டு எண், போட்ட மருந்து, தேதி, எந்தத் தேதி வரைக்கும் அந்தப் பால் விற்பனைக்கு இல்லைன்னு எழுதுங்க. அந்த மாட்டோட பின்னங்காலில் சிவப்புப் பட்டை. எழுத்து தெரியாத ஆளுக்கும் அது புரியும். பால்குடத்துக்கு வாங்குறவங்க முதல்ல கேக்கிறது கன்னு குடிச்சுதான்னுதான். அதையும் எழுதுங்க: 30 கிலோ கன்னுக்கு முதல் 6 மணி நேரத்துக்குள்ள 3 லிட்டர் சீம்பால்.

மதியம் வாங்க வர்றவங்களை உள்ளே விடாதீங்க. 33 டிகிரியில மாடு நிமிஷத்துக்கு 60 மூச்சுக்கு மேல இரைச்சா விசிறியும் தண்ணியும் பத்தலைன்னு அர்த்தம்; அதை முதல்ல சரிபண்ணுங்க. சாயங்காலக் கறவைக்கே வரச் சொல்லுங்க. கயிறு கட்டி அதுக்கு வெளியில நிறுத்துங்க, வாசல்ல கால் நனைக்கிற மருந்துத் தொட்டி. கோமாரி செருப்புலயும் வரும்.

கொட்டகைக்காரன்:
நன்றி அண்ணே. கம்பிமூடியை விரிப்பு போட்டு மூடிட்டா கழுவுற தண்ணி எப்படிப் போகும்?

செவலை:
மாடு நடக்கிற நேரம் மட்டும் போடுங்க, கழுவும்போது சுருட்டி எடுத்துடலாம். மேல வரிவரியா பள்ளம் வெட்டின விரிப்பா வாங்குங்க. வழவழன்னு இருந்தா ஈரத்துல கால் விரிஞ்சு விழும். ஒரு தடவை விழுந்த மாடு அந்த இடத்தை மறக்காது.