போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்): சொந்தமாக எழுதிய === ஆபரேட்டர் இண்டெக்ஸை எடுப்பதில்லை

கேள்வி:
பெரிய, சிறிய எழுத்து பேதமில்லாமல் ஒப்பிட டெக்ஸ்ட் வகைக்கு === உருவாக்கினேன். பின்னால் இருப்பது பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் (போஸ்ட்கிரெஸின் நிரல்மொழி) ஃபங்ஷன். விடை சரி. ஆனால் பெயர் என்ற நெடுவரிசையைச் சிறிய எழுத்தாக்கும் லோயர்(பெயர்) மீது இண்டெக்ஸ் இருந்தும் சீக்வென்ஷியல் ஸ்கேன்தான் (எல்லா வரிசைகளையும் ஒவ்வொன்றாகப் படிக்கிறது). ஏன்?

பதில் 1:
பிளானருக்கு (வினவலை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் பகுதி) அந்த ஃபங்ஷன் மூடிய பெட்டி. லாங்குவேஜ் எஸ்கியூஎல், இம்யூட்டபிள் (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை) என்று மாற்றி, உடலில் செலக்ட் லோயர்($1) = லோயர்($2) மட்டும் வையுங்கள். அப்போது அந்த வரி இன்லைன் ஆகும், அதாவது ஃபங்ஷன் அழைப்புக்குப் பதிலாக வினவலிலேயே வந்து உட்காரும். எக்ஸ்ப்ளெயினில் (பிளானரின் திட்டத்தைக் காட்டும் கட்டளை) === மறைந்து லோயர்(பெயர்) = … என்று தெரிந்தால் இண்டெக்ஸும் பொருந்தும். செக்யூரிட்டி டிஃபைனர் (ஃபங்ஷன் அதன் உரிமையாளரின் அனுமதியுடன் ஓடும்) போட்டால் இன்லைன் ஆகாது.

பதில் 2:
பிஎல்/பிஜிஎஸ்கியூஎல்லிலேயே விட்டால் ஆபரேட்டரில் ரெஸ்ட்ரிக்ட் = ஈக்யூசெல் (எத்தனை வரிசைகள் தேறும் என்று மதிப்பிடும் ஃபங்ஷன்) சேருங்கள். இல்லையென்றால் பாதி வரிசைகள் தேறும் (0.5) என்று பிளானர் கணக்குப் போடும். இது மதிப்பீட்டைத்தான் திருத்தும், இண்டெக்ஸைக் கொண்டுவராது.

பதில் 3:
முன்னுரிமையைக் கவனியுங்கள், எல்லோரும் இதில்தான் வழுக்குவார்கள். ===, || (டெக்ஸ்டுகளை ஒட்டுவது) இரண்டும் ஒரே தட்டு, இடமிருந்து வலம். வேர் (WHERE) பெயர் === அ || ஆ என்றால் (பெயர் === அ) || ஆ ஆகிவிடும்; வேர் பூலியன் கேட்கிறது, டெக்ஸ்ட் வந்தது என்று பிழை வரும். அடைப்புக்குறி போடுங்கள். ஆபரேட்டரின் பெயரை மாற்றுவதானால் => கூடாது; பெயருக்குள் -- வந்தால் கமெண்ட் ஆகிவிடும்.