பந்துக்கு எடை இல்லை

(குடும்பக் குழு, இரவு 8:12)

அம்மா: இவன் முதல் விருப்பமாக அனிமேஷன், விஎஃப்எக்ஸ் பட்டப்படிப்பு என்று போட்டிருக்கிறான். எல்லோரும் ஏதாவது சொல்லுங்கள். நான் சொன்னால் சண்டையாகிறது.

மாமா: கார்ட்டூன் படிப்பா?

நான்: மாமா 🙏

மாமா: தெரியாமல்தானே கேட்கிறேன். மென்பொருளை யூட்யூபில் பார்த்தே கற்றுக்கொள்ளலாமே. பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருள் இலவசம் என்று நீதான் போன மாதம் சொன்னாய்.

பெரியம்மா: என் மகளைக் கேளுங்கள். அவளுக்கு இது கடைசி வருடம். வீட்டுக்கு வந்தாலும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அக்கா: வந்தேன். ரெண்டரிங் ஓடுகிறது, கணினி படங்களை உருவாக்கி முடிக்கும் வரை சும்மாதான் இருக்கிறேன்.

அக்கா: மாமா கேட்டது நியாயம்தான். மென்பொருளுக்காக மட்டும் என்றால் பல்கலைக்கழகம் தேவையில்லை. எங்களுக்கு முதல் பருவத்தில் பாதி நேரம் பென்சில்தான். ஆள் நிற்பது, உட்கார்வது, குனிவது என்று வரைந்துகொண்டே இருந்தோம். அப்புறம் கணினியில் முதல் பயிற்சி, ஒரு பந்து குதிக்க வேண்டும். அதற்கு மூன்று வாரம்.

மாமா: பந்துக்கு மூன்று வாரமா 😂😂

அக்கா: சிரிக்காதீர்கள். ஆறு முறை திருப்பி அனுப்பினார்கள். ஆறு முறையும் ஒரே குறிப்பு: “பந்துக்கு எடை இல்லை.”

தாத்தா: எடை எப்படி இல்லாமல் போகும்?

அக்கா: ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படம், தாத்தா. ஒவ்வொன்றிலும் பந்து எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்ய வேண்டும். நான் எல்லா இடைவெளியும் சமமாக வைத்தேன். பந்தை நூலில் கட்டி இறக்குவது போல இருந்தது.

தாத்தா: உயரம் எவ்வளவு?

அக்கா: ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா: அப்பா, அதை விடுங்கள். வேலை கிடைக்குமா என்று யாராவது கேளுங்களேன்.

அக்கா: சித்தி, உண்மையைச் சொல்கிறேன். முதலில் கிடைப்பது பெரும்பாலும் ரோட்டோ வேலை. படத்தில் இருக்கும் ஆளின் ஓரத்தை ஃபிரேம் ஃபிரேமாக வெட்டி எடுப்பது. அலுப்பாக இருக்கும். பல இடங்களில் ஒரு படம் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும், கடைசி வாரங்களில் தூக்கமும் இருக்காது. இதெல்லாம் தெரிந்து வரட்டும். சான்றிதழைவிட ஷோரீலைத்தான், அதாவது நாம் செய்த வேலைகளின் தொகுப்பு வீடியோவைத்தான், முதலில் பார்ப்பார்கள். ஒன்று, இரண்டு நிமிடம் போதும், நல்லதை முன்னால் வைக்க வேண்டும்.

மாமா: ரோட்டோ எல்லாம் இனி ஏஐ செய்துவிடாதா?

அக்கா: ஒரு பகுதியை இப்போதே செய்கிறது, மாமா. தலைமுடி, மங்கலான ஓரம் என்று வந்தால் இன்னமும் ஆள் உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கிறது. நாளைக்கு எப்படி என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இயக்குநர் “அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுத் திரும்பட்டும்” என்றால், அந்தத் தயக்கம் நான்கு ஃபிரேமா எட்டு ஃபிரேமா என்று பார்த்துச் சொல்ல ஒரு கண் வேண்டும் இல்லையா?

பெரியம்மா: பல்கலைக்கழகத்தில் இதெல்லாம் ஒரு பாடமா என்றுதான் நானும் அன்றைக்குக் கேட்டேன்.

அக்கா: அம்மா, கணினி அனிமேஷன் வளர்ந்ததில் பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1972-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் கேட்முல் என்ற மாணவர் தன் இடது கையைக் கணினியில் உருவாக்கி அசைய வைத்தார். பின்னாளில் பிக்ஸார் அனிமேஷன் நிறுவனத்தின் தலைவரானவர் அவர்தான். அதே இடத்தில் 1975-இல் மார்ட்டின் நியூவெல் தன் வீட்டுத் தேநீர்க் கூஜாவைக் கணினியில் மாதிரியாக உருவாக்கினார். ஒளி, நிழல் சோதிக்க இன்றும் அந்தக் கூஜாவை எடுக்கிறார்கள்.

(இரவு 8:51)

தாத்தா: 1 மீட்டர் விழ 0.45 விநாடி. 24-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 11 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமிலும் விழும் தூரம் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை விகிதத்தில் கூட வேண்டும். கலிலியோ கண்டது. எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

அக்கா: தாத்தா!!! மூன்றாவது வாரம்தான் எங்கள் ஆசிரியர் இதைச் சொன்னார். உங்களைக் கேட்டிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

தாத்தா: ஆனால் ரப்பர் பந்தும் இரும்புக் குண்டும் ஒரே நேரத்தில்தான் விழும். அப்படியானால் எடை எங்கே தெரிகிறது?

அக்கா: நீங்களே சொல்லுங்கள்.

தாத்தா: விழுந்த பிறகு.

அக்கா: அதேதான். தரையைத் தொட்டதும் எவ்வளவு நசுங்குகிறது, எவ்வளவு எழும்புகிறது, எத்தனை குதிப்பில் அடங்குகிறது. இரும்புக் குண்டு ஒரு தடவை லேசாக எழும்பிப் படுத்துவிடும். கதாபாத்திரம் நாற்காலியில் உட்கார்வதும் இதே கணக்குத்தான்.

நான்: அக்கா, நான் அனிமேஷனா விஎஃப்எக்ஸா?

அக்கா: டேய், இரண்டும் ஒன்றில்லை. உனக்கு நடிப்பு பிடிக்குமா, ஒளி பிடிக்குமா? அனிமேஷனில் உயிரில்லாததை நடிக்க வைக்கிறோம். விஎஃப்எக்ஸில் எடுத்த காட்சிக்குள் இல்லாததை வைத்து, வைத்ததே தெரியாமல் மறைக்கிறோம். அங்கேயும் பந்துதான்! படப்பிடிப்பில் ஒரு சாம்பல் பந்தையும் முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு பந்தையும் காட்டிப் படம் எடுப்பார்கள். சாம்பலில் வெளிச்சம் எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரியும். பளபளக்கும் பந்தில் சுற்றுப்புறம் முழுக்கத் தெரியும். பிறகு கணினியில் அதே வெளிச்சத்தைக் கட்ட வேண்டும்.

அக்கா: பாடத்திட்டத்தைப் படித்துப் பார். சில இடம் ஓவியம் கேட்கும், சில இடம் கணக்கும் புரோகிராமிங்கும் கேட்கும். புகை, தண்ணீர், துணி எல்லாம் அந்தப் பக்கம். பழைய மாணவர்களின் ஷோரீலைக் காட்டச் சொல்லிக் கேள். காட்டத் தயங்கினால் நீயும் தயங்கு.

அம்மா: அவள் ஏன் வீட்டுக்கு வந்தாலும் தூங்குவதில்லை என்பதையும் சொல்லச் சொல்.

அக்கா: 😅 இரண்டாம் வருடம் ஒரு படம் செய்தேன், சித்தி. 10 விநாடி, 240 ஃபிரேம். ஒன்றுக்கு 20 நிமிடம் என்று ஒரே கணினியில் 80 மணி நேரம் ஓடியது. முடிந்து போட்டுப் பார்த்தால் கால் தரையில், நிழல் அரை அடி தள்ளி. மறுநாள் காலை கொடுக்க வேண்டும். அழுதுகொண்டே அப்படியே கொடுத்தேன். நிழலைத் தனி அடுக்காக எடுத்துவைத்திருந்தால் அதை மட்டும் மறுபடி ஓட்டி, அடுக்குகளை ஒன்றாக்கும் கம்பாசிட்டிங்கில் சேர்த்திருக்கலாம். இப்போது எல்லாவற்றையும் அடுக்கு அடுக்காகத்தான் எடுக்கிறேன்.

மாமா: சரி, கார்ட்டூன் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். பாதி மட்டும்.

(இரவு 10:26)

தாத்தா: 📹 வீடியோ

தாத்தா: டென்னிஸ் பந்து. மேசை விளிம்பிலிருந்து. எண்ணிப் பார்த்தேன், 11 வரவில்லை.

அக்கா: கைப்பேசி விநாடிக்கு 30 ஃபிரேம் எடுத்திருக்கும், தாத்தா. அதோடு மேசை ஒரு மீட்டர் இருக்காது.

தாத்தா: அளந்தேன். 75 சென்டிமீட்டர்.

நான்: அப்படியென்றால் 0.39 விநாடி. 30-ஆல் பெருக்கினால் 12 பக்கம்.

தாத்தா: 12-தான் வந்தது.

அம்மா: அப்பா, மணி பத்தரை. மாடியில் என்ன சத்தம்?

தாத்தா: அவனை மேலே அனுப்பு. அடுத்தது இரும்புக் குண்டு, நானே போட்டு நானே படம் எடுக்க முடியவில்லை.