ஆற்றங்கரையில் படவிழா: நடத்தலாமா, வேண்டாத வேலையா?

சோளகம்:
வைகை கடலில் சேருகிற ஆற்றங்கரை என்ற ஊரில் மூன்று நாள் சுயாதீனப் படவிழா நடத்தலாம் என்று நண்பர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். பக்கத்திலேயே ரோமானியக் காசு கிடைத்த அழகன்குளம். திறந்தவெளித் திரை, டிக்கெட் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், சனமும் ஊரில் இருக்கும். என்ன சொல்கிறீர்கள்?

கண்மாய்க்கரையான்:
தம்பி, தடைக்காலம் என்றால் கோடை லீவு என்று நினைத்துவிட்டீர்களா? 61 நாள் வருமானம் கிடையாது. நிவாரணப் பணம் எப்போது வரும் என்று விசாரித்துக்கொண்டிருப்பவனை ஈரான் படம் பார்க்கக் கூப்பிடுகிறீர்கள். அதுவும் தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகுக்காரன் அப்போதும் கடலுக்குப் போகிறான், ராத்திரி கண்விழித்து உட்காரமாட்டான். கடைசியில் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பத்து கார் வரும். அவர்களே பார்த்து, அவர்களே கைதட்டி, போகிற வழியில் இராமேசுவரத்தில் தீர்த்தமாடிவிட்டுப் போவார்கள்.

சோளகம்:
அண்ணே, கிராமத்தானுக்கு நல்ல படம் பிடிக்காது என்று நீங்களே முடிவு கட்டினால் எப்படி? கர்நாடகத்தில் ஹெக்கோடு என்று ஒரு சின்னக் கிராமம். கே.வி. சுப்பண்ணாவின் நாடக அமைப்பான நீநாசம் அங்கே 1973இல் திரைப்படச் சங்கமே தொடங்கியது. உலகப் படங்களை ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

கண்மாய்க்கரையான்:
நீநாசம் எப்போது தொடங்கியது? 1949இல். நாடகம் போட்டு, ஊரோடு பழகி, 24 வருஷம் கழித்துத்தான் திரையைத் தூக்கினார்கள். நீங்கள் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு ராத்திரி கிளம்புகிற ஆட்கள். பிடிக்காது என்று நான் சொல்லவே இல்லை. யாருக்காக என்றுதான் கேட்கிறேன்.

பாசிக்காரி மகள்:
நான் ஒன்று கேட்கிறேன். திரையில் கீழே ஓடுகிற எழுத்து எந்த மொழியில்? இங்கிலீஷ் என்றால் என் அம்மா முதல் ரீலிலேயே எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறவர், பகலெல்லாம் உப்புத் தண்ணீரில் கிடந்த கண். தமிழ் எழுத்தே ஓடினாலும் எத்தனை நேரம் படிப்பார்? ஊமைப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வாராம். அப்படி ஒரு ஆள் வையுங்கள்.
ஆனால் அண்ணன் சொல்கிற மாதிரி வேண்டவே வேண்டாம் என்றும் விடமுடியாது. தனுஷ்கோடியில் எடுத்த ‘செங்கடல்’ படம், தணிக்கை வாரியம் மறுத்து, தீர்ப்பாயம் வரை போய் 2011இல்தான் அனுமதி வாங்கியது. எங்கள் கரையின் கதை. எங்கள் தெருவில் அதைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

டூரிங் டாக்கீஸ்:
சண்டைக்கு நடுவில் ஒரு விஷயம். தென்காற்றின் பேரையே, சோளகம் என்று வைத்துக்கொண்டு, காற்றை மறந்துவிட்டீர்களே. மே, ஜூனில் தென்காற்று அடிக்கிற அடியில் உங்கள் திரை படகுப் பாயாகிவிடும். கம்போடு தூக்கிக்கொண்டு போகும். மாசியில் வையுங்கள், காற்று அடங்கியிருக்கும். பௌர்ணமி மட்டும் வேண்டாம், நிலவு வெளிச்சத்தில் படம் வெளிறிவிடும். அப்புறம், தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படம் காட்ட மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் விலக்கு வாங்கவேண்டும். 2017இல் கேரள அரசே நடத்துகிற ஆவணப்பட விழாவுக்கே மூன்று படங்களுக்குக் கிடைக்கவில்லை.

சோளகம்:
மாசி என்றால் பரீட்சை நேரம், பிள்ளைகள் வரமாட்டார்கள். ஆனால் காற்று விஷயம் சரிதான், யோசிக்கவில்லை. கதை சொல்ல ஆள் வைப்பதும் நல்ல யோசனை. அக்கா, நீங்களே சொல்லலாமே?

கண்மாய்க்கரையான்:
பார்த்தீர்களா, வேலையை ஊர்க்காரர் தலையில் கட்டியாகிவிட்டது. மூன்று நாள் வேண்டாம். ஒரு ராத்திரி, ஒரு படம் போடுங்கள். எத்தனை பேர் கடைசிவரை இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு விழா என்று பேர் வையுங்கள். நானும் வந்து எண்ணுகிறேன். ஜெனரேட்டருக்குக் காசு மட்டும் கேட்காதீர்கள்.

பாசிக்காரி மகள்:
அம்மாவிடம் கேட்டேன். “சண்டை உண்டா?” என்கிறார்.