வாடிக் காயப்போன சோளப் பயிரில் ஆட்டை மேயவிட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மேட்டுக்காட்டான், மூலனூர்:

போன ஆனியில் நடந்தது. இன்னமும் அந்தக் காட்டைத் தாண்டி ஆடு ஓட்டும்போது கை தானாகப் படலைச் சாத்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

சித்திரைக் கடைசியில் ஓர் உழவு மழை கிடைத்தது, ஒன்றரை ஏக்கரில் தட்டுக்கென்று, அதாவது தீவனத்துக்கென்று, சோளத்தை நெருக்கமாக விதைத்தேன். முளைப்பு அருமை. அதற்கப்புறம் மழையே இல்லை, வெறும் காற்று. நம் பக்கத்து ஆனிக்காற்று தெரியும்தானே, மண்ணில் இருக்கிற கொஞ்சநஞ்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடும். முழங்கால் உயரத்தில் பயிர் நின்றுபோனது, மத்தியானம் பார்த்தால் இலையெல்லாம் சுருண்டு ஊசி ஊசியாக நிற்கும். விதைத்த 38ஆம் நாள் அப்பா சொன்னார், "எப்படியும் காயத்தான் போகுது, ஆட்டு வயித்துக்காச்சும் போகட்டும்." நானும் சரி என்றேன். கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், புல் இல்லாமல் அரைவயிறாகக் கிடந்த ஆடுகள், காலையில் வேறு எதுவும் போடவில்லை. 23 செம்மறி.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. வேலியோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு கிடாய் நின்ற இடத்திலேயே கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு விழுந்தது. நான் சிரித்தேன். தடுக்கி விழுந்ததாக நினைத்து, போனில் இருந்தவரிடம் "ஆடு குட்டிக்கரணம் போடுது" என்றுகூடச் சொன்னேன். கிட்டப் போய்ப் பார்த்தால் வாயில் பாதி இலை வெளியே தொங்குகிறது, மெல்லவில்லை. கால் நாலும் விறைத்து உதறுகிறது. திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்தது, அதற்கடுத்தது. 11 விழுந்து 6 போய்விட்டன. பக்கத்துக் காட்டுக்காரர் ஓடி வந்து ஒன்றை அறுத்துப் பார்த்தார், ரத்தம் குங்குமம் கரைத்த மாதிரி அப்படியொரு சிவப்பு. கறிக்கடைக்காரர் ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை, ஆறையும் குழி வெட்டிப் புதைத்துவிட்டோம்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

நாலு கறவை:

தம்பி, உங்களுக்குக் காய்ந்த பயிர், எங்களுக்கு நன்றாகத் தண்ணீர் பாய்ந்த பயிர். பலமுறை அறுக்கிற தீவனச் சோள ரகம் கோ.எஃப்.எஸ். 29 போட்டிருந்தோம். விதைத்து 65ஆம் நாள் முதல் அறுப்பு, அப்புறம் 50 நாளைக்கு ஒரு அறுப்பு என்று கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சொல்கிற கணக்குப்படிதான் அறுத்தோம். பால் கூடியது, அதைப் பொய் சொல்லக்கூடாது. இரண்டாம் அறுப்பு முடிந்து இரண்டு வாரம் இருக்கும், கட்டையிலிருந்து சாண் உயரத்துக்குத் துளிர் வெடித்துக் கருகருவென்று நின்றது. ஒரு ராத்திரி சினைமாடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு அதற்குள் போய்விட்டது.

டார்ச் அடித்துத் தேடினோம். மாடு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் அது மூச்சு வாங்குகிற சத்தம்தான் கேட்டது, துருத்தி ஊதுகிற மாதிரி. நல்ல நேரம், டாக்டர் பக்கத்து ஊரில் ஒரு பிரசவத்துக்கு வந்திருந்தார். கழுத்து நரம்பில் இரண்டு ஊசி போட்டார். அரை மணி நேரத்தில் நடுங்கிக்கொண்டே எழுந்து நின்றது. எழுந்ததும் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா, அதே துளிரைப் பார்த்து எட்டு வைத்ததுதான். என் மாமியார் அதன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பழைய பண்ணை:

தப்பாக நினைக்காதீர்கள், எனக்கு இதில் ஒரு சந்தேகம். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சோளக்காட்டில் மாடு மேய்க்கிறோம், ஒரு கன்றுக்குட்டிகூடச் செத்ததில்லை. எங்கள் தாத்தா முதலில் ஒரு கட்டு வைக்கோலைப் போட்டு வயிற்றை நிரப்பிவிட்டுத்தான் காட்டுக்குள் விடுவார். மேட்டுக்காட்டான் வெறும் வயிற்று ஆட்டை விட்டுவிட்டு இப்போது சோளத்தின் மேல் பழி போடுகிறார். காற்றுக் காலத்தில் வேலியோரம் பாம்பு நடமாட்டம் அதிகம், அதையும் யோசியுங்கள்.

மருந்துப்பெட்டி:

பழைய பண்ணை சார், கால் மணி நேரத்தில் 11 ஆட்டைக் கடித்துவிட்டுப் போகிற பாம்பு எது? உங்கள் தாத்தா செய்தது சரிதான், நிறைந்த வயிற்றில் நஞ்சு மெதுவாக ஏறும், அதற்குள் ஈரல் கொஞ்சம் சமாளித்துவிடும். ஆனால் அதே தாத்தா எத்தனை நாள் பயிரில் விட்டார் என்று நீங்கள் சொல்லவே இல்லையே. கதிர் வந்த காட்டில் விட்டிருப்பார். பூக்கிற வரைக்கும் சோள இலையில் இருக்கிற ஒரு பொருள், மாடு மென்றதும் வயிற்றில் உடைந்து சயனைடாக மாறுகிறது. பயிர் இளசாக இருந்தால் அதிகம், வாடிக் குன்றிப்போனால் இன்னும் அதிகம், அறுத்த கட்டையில் துளிர்த்தது அதைவிட மோசம். ரத்தத்தில் காற்று இருக்கும், உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியாது, அதனால்தான் அந்தச் சிவப்பு.

நான் கால்நடை மருந்தகத்தில் உதவியாளாக இருந்து ஓய்வு பெற்றவன். எண்பதுகளின் கடைசி என்று நினைவு, ஒரு சாயங்காலம் ஒன்பது வெள்ளாட்டை மாட்டுவண்டியில் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்தார்கள். ஊசி மருந்து இரண்டு ஆட்டுக்குத்தான் வரும். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "பஸ் ஸ்டாண்ட் போட்டோ ஸ்டூடியோவுக்கு ஓடு, ஹைப்போ இருக்கும், எவ்வளவு இருந்தாலும் வாங்கிட்டு வா" என்றார். நான் ஏதோ ஆட்டைப் போட்டோ எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். ஸ்டூடியோக்காரர் இருட்டறைக்குள் இருந்தார், கதவைத் திறந்தால் பிலிம் போய்விடும் என்று உள்ளிருந்தே கத்துகிறார், நான் வெளியிலிருந்து கதவைத் தட்டுகிறேன். போட்டோ கழுவுகிற அந்த உப்பும் இந்த நஞ்சுக்கு நரம்பில் போடுகிற இரண்டு மருந்தில் இரண்டாவதும் ஒன்றுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தண்ணீரில் கரைத்து வாய்வழியாக ஊற்றினோம். ஐந்து பிழைத்தன. அந்தக் கல்யாணப் பிலிம் என்ன ஆயிற்று என்று நான் இதுவரை கேட்டதில்லை.

கரிசக்காட்டுக் கம்பு:

சோளம் வேண்டாம், கம்பு போடுங்கள், கம்பில் இந்த நஞ்சு கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். கிடையாதுதான். அதை நம்பித்தான் நான் மாட்டிக்கொண்டேன். விளாத்திகுளம் பக்கம். சீக்கிரம் வளரட்டும் என்று யூரியாவை அள்ளி வீசினேன், அதுவும் எருக்குழி இருந்த மூலையில். மழை தள்ளிப்போய்ப் பயிர் வாடிக் கிடந்து, பிறகு ஒரு தூறல் விழுந்து, மூன்று நாள் வானம் மூடாக்குப் போட்டபோது அறுத்துப் போட்டேன். ஒரு கிடேரி தள்ளாடிப் படுத்தது. ஈறைத் தூக்கிப் பார்த்தேன், நாவல்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது. ஊசி குத்தியபோது வந்த ரத்தம் கருப்பட்டிக் காப்பி நிறம். எல்லோரும் சிவப்பு சிவப்பு என்கிறீர்கள், எனக்கு ரத்தம் என்றாலே அந்தக் காப்பி நிறம்தான் நினைவுக்கு வருகிறது. அது நைட்ரேட் நஞ்சாம், அதற்கு வேறு மருந்து, நீல நிறத்தில். சோள நஞ்சாவது காயவைத்தால் பெரும்பாலும் போய்விடும், இது காய்ந்த தட்டிலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆகவே மருந்துப்பெட்டி ஐயா, "ரத்தத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்பதோடு, எந்த நிறம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மருந்துப்பெட்டி:

"பார்த்தால் தெரிந்துவிடும்" என்று நான் எங்கே சொன்னேன்? மறுபடி படியுங்கள். மற்றபடி நீங்கள் சொன்னது சரி.

பசுந்தீவனப் பித்தன்:

எனக்கு ஆடு எதுவும் சாகவில்லை, ஒரு தடவை அறுத்த சோளம் தின்று ஒரு கன்று வயிறு ஊதிப் படுத்தது, மறுநாள் எழுந்துவிட்டது, அவ்வளவுதான் என் கதை. ஆனால் சில விஷயம் சொல்ல வேண்டும். எல்லோரும் அவசரத் தீவனம் என்றாலே சோளத்தில்தான் போய் விழுகிறீர்கள். தட்டைப்பயறு 50, 55 நாளில் அறுக்கலாம், சோளத்தோடு ஊடுபயிராகப் போட்டால் இரண்டும் கலந்து தின்னும். மக்காச்சோளத்தில் ஆப்பிரிக்கன் டால் ரகம் போட்டால் இரண்டு மாதத்தில் ஆள் உயரத்தைத் தாண்டும், சயனைடு பயம் இல்லை. மானாவாரிக் காட்டில் ஆட்டை நேராக மேய விடவேண்டும் என்றால் கொள்ளு, நரிப்பயறு. மேட்டுக்காட்டான் தம்பி, உங்கள் கொறங்காட்டிலேயே கொழுக்கட்டைப் புல் விதையை மழைக்கு முன்னால் தூவியிருந்தால் ஆனியில் அரைவயிறு என்கிற பேச்சே வந்திருக்காது. சோளம்தான் வேண்டும் என்றால் பாதிப் பயிராவது பூத்த பிறகு அறுத்து, நன்றாக உலரவிட்டு, காய்ந்த தீவனத்தோடு கலந்து போடுங்கள். நிற்கிற பயிரில் மேயவிடாதீர்கள், மாடு துளிரைத்தான் முதலில் பொறுக்கும், தண்டை விட்டுவிடும், எதில் நஞ்சு அதிகமோ அதைத்தான் அது தின்னும். அப்புறம் 1962 எண்ணை எல்லோரும் போனில் பதிந்து வையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் அதில்தான் வரும். கூடவே குதிரைமசால் என்கிற பயறுவகைத் தீவனம் கால் ஏக்கர் போட்டுவிடுங்கள், ஒருமுறை விதைத்தால் மூன்று நான்கு வருடம் அறுக்கலாம், அதில் இருக்கிற புரதச் சத்து வேறு எதிலும்

தேனி பால்வண்டி:

பித்தன் அண்ணா பாதியில் நிறுத்தியதே நல்லதாகப் போயிற்று. குதிரைமசாலா? காலைப் பனி ஈரத்தோடு இரண்டு கறவையை அதில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் ஒரு மாட்டின் இடது பக்கம் முதுகுக்கு மேலே பலூன் மாதிரி எழும்பி நிற்கிறது. தட்டினால் தவில் சத்தம். கடலை எண்ணெய் ஊற்றினோம், இறங்கவில்லை. டாக்டர் வந்து இடுப்புக் குழியில் ஊசிக்குழாயைக் குத்தினார், நுரையும் காற்றும் புஸ்ஸென்று என் சட்டை மேலேயே அடித்தது. அந்த வாடை மூன்று நாள் போகவில்லை, என் மனைவி சட்டையைக் கொளுத்திவிட்டாள். மாடு நன்றாக இருக்கிறது. இப்போதும் குதிரைமசால்தான் போடுகிறேன், வெயில் ஏறி ஈரம் காய்ந்த பிறகு, அறுத்து, வைக்கோலோடு. யாருக்கும் எதையும் வளர்க்காதே என்று சொல்ல நான் வரவில்லை, அறிவுரை சொல்கிறவர் முழுசாகச் சொல்லட்டும் என்கிறேன்.

பசுந்தீவனப் பித்தன்:

அதைத்தான் அடுத்த வரியில் எழுத இருந்தேன். பதிவு தானாகப் போய்விட்டது.

நாலு கறவை:

எல்லாம் சரி, மேட்டுக்காட்டான் தம்பி, மீதிப் பயிரை என்ன செய்தீர்கள்? உழுதுவிட்டீர்களா?

மேட்டுக்காட்டான், மூலனூர்:

இல்லை அக்கா. பழைய பண்ணை ஐயா சொன்ன வெறும் வயிறு விஷயம் உண்மைதான், அதை நானே எழுதியிருந்தேன், பாம்பு மட்டும் இல்லை. பயிரை உழச் சொல்லி டிராக்டருக்கும் சொல்லிவிட்டேன், வண்டி வரத் தாமதமானது, அதற்குள் ஆடி பிறந்து நல்ல மழை இரண்டு கிடைத்துவிட்டது. குன்றிக் கிடந்த சோளம் விறுவிறுவென்று ஏறியது. பூக்கிற வரைக்கும் படலைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தேன், ராத்திரி இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்ப்பேன். கதிர் வந்ததும் அறுத்து, நன்றாகக் காயவைத்துப் போர் போட்டாயிற்று. இந்தக் கோடைக்கு மீதி 17 ஆடும் அதே தட்டைத்தான் தின்கின்றன, ஒன்றும் ஆகவில்லை. அப்பா மட்டும் அந்தப் போரில் கை வைப்பதில்லை. தீவனம் போடுகிற நேரம் வந்தால் என்னைக் கூப்பிட்டுவிட்டு வாய்க்கால் பக்கம் போய்விடுகிறார்.