லிப்பிட் ஏ பாதை: இந்த ரேட்ஸ் யார், எங்கிருந்து ஆரம்பித்தார்?

செமினார்_பயம்:
எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி இரண்டாம் வருடம். அடுத்த வாரம் செமினார், தலைப்பு ஈ. கோலை பாக்டீரியாவில் லிப்பிட் ஏ (அதன் வெளிச்சவ்வில் இருக்கிற கொழுப்பு மூலக்கூறு) உருவாகும் பாதை. புத்தகத்தில் ஒன்பது என்சைம், ஒன்பது அம்புக்குறி, மேலே 'ரேட்ஸ் பாதை' என்று ஒரு பெயர், அவ்வளவுதான். மனப்பாடம் ஆகிவிட்டது, ஆனால் பேசத்தான் ஒன்றும் இல்லை. ஒரு என்சைம்கூடத் தெரியாத காலத்தில் எந்த நூலைப் பிடித்து இழுத்தார்கள்?

பழைய_பெஞ்ச்:
தம்பியோ தங்கையோ, அம்புக்குறியை மூடி வை, ஃபில்டர் பேப்பரில் ஆரம்பி. கிறிஸ்டியன் ரேட்ஸ் 1946இல் பெர்லினில் பிறந்தவர், ஹார்வர்டில் எம்.டி.யும் பிஎச்.டி.யும் வாங்கினார், வழிகாட்டி யூஜின் கென்னடி. ஒரு குறிப்பிட்ட என்சைம் கெட்டுப்போன மியூட்டன்ட் (ஜீன் மாறிய பாக்டீரியா) வேண்டுமென்றால் ஒவ்வொரு காலனியையும் தனித்தனியாக வளர்த்துச் சோதிக்க வேண்டும், ஆயுசு போதாது. ரேட்ஸ் என்ன செய்தார் தெரியுமா, அகார் தட்டின் மேல் ஃபில்டர் பேப்பரை அழுத்தி எடுத்தார். காலனிகள் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். செல் சுவரை ஓட்டையாக்கி, கதிரியக்க மூலப்பொருளில் பேப்பரை ஊறவைத்து, உண்டான லிப்பிட்டை அமிலத்தால் அங்கேயே உறையவைத்து, கழுவி, எக்ஸ்-ரே ஃபிலிமில் வைப்பது. என்சைம் வேலை செய்த இடத்தில் கறுப்புப் புள்ளி விழும். பிறகு பேப்பருக்கு நீலச் சாயம், காலனி இருக்கும் இடமெல்லாம் நீலமாகும். நீலம் இருக்கிறது, கறுப்பு இல்லை என்றால் அதுதான் நம் ஆள், மூலத் தட்டில் போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இது வெளிவந்தது 1975.

அப்புறம்தான் அதிர்ஷ்டம். அவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, பாஸ்பாட்டிடைல் கிளிசரால் என்ற சவ்வுக் கொழுப்பைச் செய்ய முடியாத ஒரு மியூட்டன்டில் பெயர் தெரியாத லிப்பிட் ஒன்று குவிந்து கிடந்தது. என்னவென்று தெரியாததால் 'லிப்பிட் எக்ஸ்'. பிரித்துப் பார்த்தால் ஒரு குளுக்கோசமைன், ஒரு பாஸ்பேட், இரண்டு கொழுப்பு அமிலம், கிட்டத்தட்ட லிப்பிட் ஏவில் பாதி! தேடியது ஒன்று, கிடைத்தது வேறு. அந்த மியூட்டன்டில் இன்னொரு ஜீனும் கெட்டிருந்தது, இரண்டு பாதிகளையும் இணைக்கிற என்சைமின் ஜீன். இன்று எல்பிஎக்ஸ்-பி என்கிறோமே, அதேதான்.

ஐசியூ_இரவு:
ஒரு டாக்டர் குறுக்கே வருகிறேன். ஈ. கோலை மாதிரி கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவால் வரும் செப்சிஸில் பிரஷர் விழுவதற்குப் பெரிய காரணம் இந்த லிப்பிட் ஏதான். நம் நோயெதிர்ப்பு செல்களில் இருக்கிற டிஎல்ஆர்-4 என்ற ஏற்பி அதைப் பார்த்ததும் ஊரையே எழுப்பிவிடும். கடைசி ஆயுதமாக நாங்கள் ஏற்றுகிற ஆன்டிபயாடிக் கோலிஸ்டின் பிடிப்பதும் இதன் பாஸ்பேட்களைத்தான். பாக்டீரியா லேசுப்பட்டதா, அந்த பாஸ்பேட்டின் மேல் அமினோஅராபினோஸ் என்ற சர்க்கரையை ஒட்டி மறைத்துவிடும். லேப் ரிப்போர்ட்டில் கோலிஸ்டினுக்கு நேரே 'ஆர்' (ரெசிஸ்டன்ட், மருந்து கேட்காது) வரும்போதெல்லாம் எரிச்சல்தான். ஒட்டுகிற அந்த என்சைமைக் கண்டுபிடித்ததும் ரேட்ஸ் குழுதான், அதையும் செமினாரில் சொல்லு.

நாலாம்_மாடி:
'பழைய பெஞ்ச்' அண்ணா மருந்துக் கதையை விட்டுவிட்டார். ரேட்ஸ் 1987இல் மெர்க் மருந்து நிறுவனத்துக்குப் போனார். இதே பாதையில் இருக்கிற எல்பிஎக்ஸ்-சி என்ற துத்தநாக என்சைமைத் தடுத்தால் பாக்டீரியா செத்துவிடும் என்று 1996இல் 'சயன்ஸ்' இதழில் வந்த கட்டுரை அந்த வழியில் வந்ததுதான். ஈ. கோலை தொற்றிய எலிகள் பிழைத்தன, ஆனால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அசையவில்லை. அந்த என்சைமைக் குறிவைத்த மருந்து எதுவும் இன்றுவரை கடைக்கு வரவில்லை, ஆகவே 'விரைவில் வரும்' என்று கடைசி ஸ்லைடில் எழுதித் தொலைக்காதே. 1993இல் ரேட்ஸ் டியூக் பல்கலைக்கழகம் வந்தார், கடைசிவரை அங்கேதான். 2011 ஆகஸ்டில் புற்றுநோயில் போனார், 64 வயது. அடுத்த மாதமே கென்னடியும் போனார், அவருக்கு 92.

செமினார்_பயம்:
தங்கைதான் அண்ணா. குருவும் சீடனும் அடுத்தடுத்த மாதம் என்பது மனதை என்னவோ செய்கிறது. சரி, ஃபில்டர் பேப்பரில்தான் ஆரம்பிக்கப் போகிறேன். அந்த நீலச் சாயம் கூமாஸி ப்ளூவா?

பழைய_பெஞ்ச்:
அதேதான். கையில் படாமல் பார், ரெண்டு நாள் போகாது.