டெங்கு: வீட்டில் இருப்பவரைப் போனில் எப்படிக் கண்காணிப்பது?

கேள்வி: அபாய அறிகுறி இல்லாத டெங்கு நோயாளிகளை வீட்டிலேயே வைத்து வாட்ஸ்அப்பில் பார்க்கிறேன். தினமும் என்னென்ன கேட்டு வாங்குவது? பிளேட்லெட் மட்டும் போதுமா?

பதில் 1: போதாது சார். பிசிவியை (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) பாருங்கள். முதல் அளவைவிட 20% ஏறினால் பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ரத்தக்குழாயிலிருந்து கசிகிறது என்று அர்த்தம். காய்ச்சலின் முதல் 3 நாளுக்குள் ஒரு சிபிசி (பிசிவி, பிளேட்லெட் எல்லாம் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்து வைக்காவிட்டால் பிறகு ஒப்பிட ஒன்றும் இருக்காது. அப்புறம் தினமும் ஒன்று, அதே லேபில்.

பதில் 2: காய்ச்சல் விட்டதும் "சரியாயிடுச்சு டாக்டர்" என்று மெசேஜை நிறுத்திவிடுவார்கள். ஆபத்தே அடுத்த 24–48 மணி நேரம்தான். அன்று நீங்களே கூப்பிடுங்கள். "எப்படி இருக்கு?" என்றால் "பரவாயில்லை" என்றுதான் வரும். கடைசியாக எத்தனை மணிக்குச் சிறுநீர் போனார் என்று கேளுங்கள். 6 மணி நேரம் தாண்டினால் நேரில் வரட்டும். பிபி மெஷின் இருந்தால் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மேல், கீழ் எண்களின் வித்தியாசம் 20 அல்லது அதற்கும் குறைவென்றால் உடனே 108.

பதில் 3: வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது: ஒன்று இருந்தாலும் அட்மிஷன், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். மாத்திரை அட்டையையும் போட்டோ கேளுங்கள். "பாராசிட்டமால்தான் டாக்டர்" என்பார்கள். பின்பக்கம் பார்த்தால் இபுப்ரோஃபென் (டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடிய வலி மருந்து) சேர்ந்திருக்கும்.