ஹொக்கியில் நட்சத்திர ஆட்டக்காரர் எதிராளியை அடித்தாலும் தடை போட வேண்டுமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பனிமனிதன், ஸ்காபரோ:
2022 மார்ச் 13, கனடாவின் ஹமில்டன், என்எச்எல் (வட அமெரிக்கப் பனி ஹொக்கி லீக்) நடத்திய அந்த வெளியரங்க ஆட்டம். குளிரைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. எங்கள் ரொறன்ரோ லீவ்ஸ் பஃபலோவிடம் 5-2 என்று தோற்றது இப்போது பேச்சில்லை. கடைசிப் பகுதியில் வலைக்கு முன்னால் எங்கள் நட்சத்திரம் மத்யூஸும் பஃபலோவின் டாலினும் தள்ளுப்பட்டார்கள். அதுவரை வழமையானதுதான். அப்புறம் மத்யூஸ் இரண்டு கையாலும் மட்டையைக் குறுக்கே பிடித்து டாலினின் கழுத்தடியில் ஒன்று கொடுத்தார். நான் எழும்பி நின்று கைதட்டினேன். பக்கத்தில் பஃபலோ சட்டை போட்ட ஒரு சின்னப் பெட்டை, ஏழெட்டு வயதிருக்கும். அவள் டாலினைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள். மெல்ல ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.
மத்யூஸுக்கு 2 ஆட்டத் தடை. அந்தப் பருவம் 60 கோல் அடித்த மனுசன். கொஞ்ச நேரம் மட்டும் இறங்குகிற நாலாம் வரிசைக்காரன் என்றால் இரண்டோடு விட்டிருப்பார்களா?

ஒயிலர்ஸ் அப்பா:
பிழையான கதை. 2025 ஜனவரியில் வான்கூவருடன் நடந்ததை மறந்துவிட்டீர்களா? வான்கூவரின் கார்லண்டை மட்டையால் குறுக்கே அடித்த ஒயிலர்ஸ் நட்சத்திரம் மக்டேவிட்டுக்கு 3 ஆட்டத் தடை, அதே இழுபறியில் எங்கள் பூஷாரை அடித்த வான்கூவர் மையர்ஸுக்கும் 3. நட்சத்திரத்துக்கு எங்கே சலுகை? அதற்கு முன் கார்லண்ட் கடைசி விநாடிகளில் மக்டேவிட்டைக் கீழே போட்டு அமத்திப் பிடித்திருந்ததை நடுவர் கண்டுகொள்ளவில்லை, அது வேறு கோபம்.
என்னைக் குடைவது வேறு. அடுத்த சனிக்கிழமை பயிற்சியில் என் மகன் ஒரு பிள்ளைக்கு அதையே செய்தான். கேட்டால், "மக்டேவிட்டும் செய்தவர்தானே அப்பா?" என்றான். நான் குனிந்து அவன் சப்பாத்து நாடாவைக் கட்டினேன். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.
சரி, பிள்ளைகளை ஹொக்கிக்கு விடுகிறவர்கள் கவனியுங்கள். பழைய ஹெல்மெட் வாங்காதீர்கள், மலிவு என்று யார் தந்தாலும் சரி. கனடாவின் பாதுகாப்புத் தரத்துக்கான சிஎஸ்ஏ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தாடைப் பட்டி தொங்கக் கூடாது. கழுத்துக் கவசம் அரிக்கிறது என்று பிள்ளை அழும், விடாதீர்கள். தலையில் அடிபட்டால் "ஒன்றுமில்லை" என்று பிள்ளை சொன்னாலும் அன்றைக்குத் திரும்ப இறக்கவே வேண்டாம். கண்ணாடித் தடுப்புக்கு முதுகைக் காட்டி நிற்காதே என்று முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.

பனிமனிதன், ஸ்காபரோ:
ஹெல்மெட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லையே அண்ணை.

கோவில்பட்டி ஃபுல்பேக்:
பனி ஹாக்கியில் 3 ஆட்டம் போனால் என்ன, அப்போது பருவத்துக்கு 82 ஆட்டம். 2024 பாரிஸில் மைதான ஹாக்கியில் இந்தியாவின் அமித் ரோகிதாஸுக்கு ஒரே ஒரு ஆட்டத் தடை, அதுவோ ஒலிம்பிக் அரையிறுதி! காலிறுதியில் 17-வது நிமிடம் சிவப்பு அட்டை. மட்டை பிரிட்டன்காரர் முகத்தில் பட்டது. மீதி 40 நிமிடத்துக்கு மேல் பத்து பேர் தாக்குப்பிடித்து ஷூட் அவுட்டில் ஜெயித்தார்கள். ஆனால் எதிரணியின் பெனால்டி கார்னர் அடியைத் தடுக்க முதல் ஆளாகப் பாய்கிற அவர் இல்லாமல் அரையிறுதியில் ஜெர்மனியிடம் 3-2. வேண்டுமென்று அடித்தார் என்று நான் இன்றும் நம்பவில்லை.
நானும் அப்படி ஒருவனை அடித்திருக்கிறேன். பந்தை எடுத்துத் திரும்பும்போது மட்டை பின்னால் வந்தவன் வாயில் பட்டது. கரிசல் மண்ணில் பல் வெள்ளையாகக் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவன் டவுசரில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "ஆடலாம் சார்" என்றான். அம்பயர் என்னைப் பார்த்து வெளியே கை காட்டினார்.